அந்த ஹேண்ட்பேக் எங்க போச்சுன்னு அவருக்கு நிஜமாவே தெரியாதா?

கேள்வி: கல்யாணமாகி 9 வருஷம், ரெண்டு பசங்க. இந்த கிறிஸ்மஸுக்கு என் வீட்டுக்காரர் பெரிய டப்பா ஒண்ணு பேக் பண்ணி மரத்தடியில வச்சிருந்தார், ஆசையா பிரிச்சா வாக்யூம் க்ளீனர். பசங்க முன்னாடி சிரிச்சு சமாளிச்சுட்டு ராத்திரி அழுதேன். நான் அவருக்குப் பார்த்துப் பார்த்து ஒரு வாட்ச் வாங்கியிருந்தேன், மறுநாளே கட்டிட்டுப் போயிட்டார். என்னை வீட்டு வேலைக்கு வந்தவளாத்தான் பார்க்குறாரா? கிஃப்ட் வாங்கவே தெரியாத மனுஷன். போன வருஷம் ஒரு ஹேண்ட்பேக், கலரே பிடிக்கல, தங்கச்சிக்குக் குடுத்துட்டேன் (அவருக்குத் தெரியாது). அதுக்கு முந்தின வருஷம் டிரஸ், அதையும் கடையில குடுத்து வேற மாத்திக்கிட்டேன். ஃப்ரெண்ட்ஸோட புருஷன்மாரெல்லாம் எவ்வளவு யோசிச்சு வாங்குறாங்க. இவருக்கு எப்படிப் புரிய வைக்கிறது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வருஷம் பொறந்தா எனக்கு இந்த லெட்டர் வந்துரும்மா. அயர்ன் பாக்ஸ் வாங்கிட்டார், எடை பார்க்குற மெஷின் வாங்கிட்டார், அவருக்குப் பிடிச்ச டிவியை எனக்குன்னு வாங்கிட்டார், இப்படி. அதனால வாக்யூம் க்ளீனர் எனக்குப் பெரிசாத் தெரியல. நான் திரும்பத் திரும்பப் படிச்சது நீங்க அடைப்புக்குறிக்குள்ள போட்டுட்டுத் தாண்டிப் போன அந்த ரெண்டு வார்த்தையைத்தான். அவருக்குத் தெரியாது.

எப்படிம்மா தெரியாமப் போகும்? உங்க தங்கச்சி அந்த பேக்கை வாங்கிப் பீரோவுல பூட்டியா வச்சிருக்கா? ஒரு வருஷத்துல எத்தனை தடவை உங்க வீட்டுக்கு வந்திருப்பா, ஒரு விசேஷம், ஒரு பிறந்தநாள், அட சும்மா ஒரு ஞாயித்துக்கிழமை, தோள்ல மாட்டிட்டு வந்து உங்க ஹால்லயே கழட்டி வச்சிருக்க மாட்டாளா. கடையில நின்னு கையில எடுத்துப் பார்த்து, ஜிப்பைத் திறந்து மூடி, இது அவளுக்குப் பிடிக்குமான்னு யோசிச்சு காசு குடுத்த மனுஷனுக்கு அந்த பேக்கை அடையாளம் தெரியாதா? உங்களுக்குப் பிடிக்காமப் போன அந்தக் கலரே போதும்மா அவருக்கு. அவர் கேக்கலன்னா தெரியலன்னு அர்த்தம் இல்ல. மச்சினி முன்னாடி எதுக்குப் பொண்டாட்டியை அசிங்கப்படுத்தணும்னு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்.

இப்ப அவர் இடத்துல நின்னு வரிசையா பாருங்க. டிரஸ் எடுத்தார், நீங்க அதை உடுத்தி ஒரு நாள் பார்க்கல. பேக் வாங்கினார், அது மச்சினி தோள்ல வந்து நிக்குது. அவர் கண்டிப்பா இப்படித்தான் யோசிச்சார்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன், ஆனா நானா இருந்தா மூணாவது வருஷம் கலர், சைஸு, டேஸ்ட்டுன்னு எதுலயும் மாட்டாத, யாருக்கும் தூக்கிக் குடுக்க முடியாத ஒரு பொருளாப் பார்த்துத்தான் வாங்குவேன். வீட்டுல தங்குற பொருள். வாக்யூம் க்ளீனர் மாதிரி ஒண்ணு.

அவருக்கு வாங்கத் தெரியலன்னு சொல்றீங்களே, வாங்கிக்க உங்களுக்குத் தெரிஞ்சுதா?

1993ல அமெரிக்காவுல ஜோயல் வால்ட்ஃபோகல்னு ஒரு பொருளாதாரப் பேராசிரியர் கிறிஸ்மஸ் கிஃப்டைப் பத்தி ஒரு ஆய்வுக்கட்டுரை எழுதினார். காலேஜ் பசங்ககிட்ட, உங்களுக்கு வந்த கிஃப்டை நீங்களே காசு குடுத்து வாங்குறதா இருந்தா எவ்வளவு குடுப்பீங்கன்னு கேட்டார். குடுத்தவங்க செலவழிச்சதுல பத்துல ஒரு பங்குலேர்ந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் வீணாப் போகுதுன்னு கணக்கு வந்துச்சு. தாத்தா பாட்டி, மாமா அத்தை குடுக்கறதுலதான் நஷ்டம் அதிகம், நெருங்கின ஃப்ரெண்டும் காதலிக்கிறவங்களும் குடுக்கறதுல கம்மி. ஆனா அந்தக் கேள்வியைக் கேக்கும்போதே குடுத்தவங்க மேல இருக்குற பாசத்தைக் கணக்குல சேர்க்காம பதில் சொல்லுங்கன்னுதான் கேட்டார். அவர் ஆராய்ச்சி பண்றவர், பொருளை மட்டும் அளக்கணும், அது அவர் வேலை. நீங்க ஒரு குடும்பத்துல இருந்துக்கிட்டு அதே கணக்கைப் போட்டிருக்கீங்க. கலர் சரியில்ல, வெட்டு சரியில்ல, மாத்து, குடுத்துடு. உங்க வீட்டுக்காரர் நடந்த நடை அதுல எங்கயுமே வரல.

கிறிஸ்மஸ் கொண்டாடுற வீடு, உங்களுக்கு நான் சொல்லித் தரணும்னு இல்ல. ஞானிகள் அந்தப் பிள்ளைக்குக் கொண்டு வந்தது பொன்னு, தூபவர்க்கம், வெள்ளைப்போளம். வெள்ளைப்போளம் செத்தவங்களை அடக்கம் பண்றப்ப பயன்படுத்துற பொருளும்கூட. பிள்ளை பொறந்த வீட்டுக்கு இதையா கொண்டு வருவாங்கன்னு மரியாள் முகம் சுளிச்சதா எங்கயும் எழுதியிருக்கல. அவ்வளவு தூரம் வந்தவங்க கையில இருந்ததை அந்த அம்மா வாங்கிக்கிட்டா. குடுக்கறவன் பொருளோட சேர்த்துத் தன்னையும் கொஞ்சம் குடுக்குறான், அதனால வாங்கிக்கறதும் பொண்டாட்டிக்கு ஒரு கடமைதான், புருஷனுக்கும் அதே கடமைதான்னு நம்புறவ நான், இதை யாரு பழைய பஞ்சாங்கம்னு சொன்னாலும் பரவாயில்ல. உங்க வீட்டுக்காரர் அந்தக் கடமையைச் செஞ்சிருக்கார், நீங்களே எழுதியிருக்கீங்க, மறுநாளே வாட்சைக் கட்டிட்டுப் போயிட்டார்னு. என்னமோ அது சாதாரண விஷயம் மாதிரி. அந்த வாட்ச் அவருக்குப் பிடிச்சுதான்னு நீங்க ஒரு தடவை கேட்டிருக்கீங்களா? பிடிக்காமக்கூட கட்டியிருக்கலாம்.

அவர் மேலயும் தப்பு இருக்கு, இல்லன்னு சொல்ல வரல. வீடு கூட்டுறது ரெண்டு பேரோட வேலை, அதுக்கு ஒரு மெஷின் வேணும்னா வீட்டுச் செலவுல வாங்கணும், பொண்டாட்டி பேரை எழுதி ரிப்பன் கட்டிக் குடுக்கக்கூடாது. மனசுல வருத்தம் இருந்தா வாயைத் திறந்து சொல்லணும். அவர் எனக்கு லெட்டர் போட்டிருந்தா அவரையும் நல்லா நாலு கேள்வி கேட்டிருப்பேன், ஆனா எழுதினது நீங்க.

அதனால முதல்ல பேக் விஷயத்தைச் சொல்லுங்க. வாக்யூம் க்ளீனரைப் பத்திப் பேச்சை எடுக்கறதுக்கு முன்னாடியே, இந்த வாரமே, பசங்க தூங்கினதுக்கு அப்புறம். "போன வருஷம் நீங்க வாங்கினதை எனக்குப் பிடிக்கலன்னு உங்ககிட்ட சொல்ல தைரியம் இல்லாம தங்கச்சிக்குக் குடுத்துட்டேன், தப்புதான், மன்னிச்சுருங்க", இதோட நிறுத்திடணும். ஆனா நீங்க மட்டும் என்ன பண்ணீங்கன்னு அடுத்த வரியை ஆரம்பிச்சீங்கன்னா சொன்னதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிரும். கோவப்பட்டா பட்டுட்டுப் போறார், ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டா வச்சுக்கட்டும், அதுக்கு அவருக்கு உரிமை இருக்கு. எனக்கு அப்பவே தெரியும்னு சொன்னார்னா, இத்தனை நாள் ஏன் கேக்கலன்னு அவர் மேல பாயாதீங்க.

டிரஸ்ஸை மாத்தினதையும் சேர்த்தே சொல்லிடுங்க, அதை இன்னொரு நாளைக்கு வச்சுக்காதீங்க.

அந்த ஃப்ரெண்ட்ஸோட புருஷன்மார் கதையை மட்டும் அந்தப் பேச்சுல கொண்டு வரவே கூடாது. உங்க ஃப்ரெண்ட்ஸ் உங்ககிட்ட காட்டுறது பிடிச்ச கிஃப்டை மட்டும்தான். பிடிக்காததை அவங்க யாருக்குத் தள்ளிவிட்டாங்கன்னு உங்களுக்குத் தெரியாது.

இதெல்லாம் முடிஞ்சு வீடு பழையபடி ஆனதுக்கு அப்புறம் உங்க வருத்தத்தைச் சொல்லுங்க, தாராளமா சொல்லுங்க, அடக்கி வைக்கச் சொல்ல மாட்டேன். வீட்டுக்குன்னு இல்லாம எனக்குன்னு ஒண்ணு வேணும்னு ஆசையா இருந்துச்சுன்னு நேரடியா சொன்னா போதும். அடுத்த டிசம்பருக்கு என்ன வேணும், எந்தக் கலர்னு நவம்பர்லயே சொல்லிடுங்க. சொல்லி வாங்கினா அதுல என்ன இருக்குன்னு நினைக்கிறீங்க பாருங்க, 9 வருஷமா அவரே கண்டுபிடிக்கட்டும்னு விட்டு அவருக்கு மார்க் போட்டுக்கிட்டு இருந்தீங்களே, அது மட்டும் என்ன நல்லா இருந்துச்சு? அவருக்கு என்ன வேணும்னும் அப்பவே கேட்டுக்கோங்க.

தங்கச்சிகிட்ட போய் பேக்கைத் திருப்பிக் கேக்காதீங்க. அவ ஒண்ணும் தப்புப் பண்ணல, அவளுக்கு இந்தக் கதையே தெரிய வேண்டாம். வாக்யூம் க்ளீனர் வீட்டுலயே இருக்கட்டும். யாரு எந்தக் கிழமை அதை ஓட்டுறதுன்னு ரெண்டு பேரும் பேசி வச்சுக்கோங்க, முதல் முறை அவர் ஓட்டட்டும்.