கொம்பு எங்கே நிற்க வேண்டும்? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் உயர்நிலை நான்கில் படிக்கும் மாணவி. பலதுறைத் தொழிற்கல்லூரியில் கிராஃபிக் டிசைன் படிக்க விரும்புகிறேன். அப்பா, ‘படம் போட்டுப் பிழைக்க முடியாது, கணக்கியல் எடு’ என்கிறார். கேன்வா போன்ற வடிவமைப்புச் செயலிகளும் யூடியூபும் இருக்கும்போது மூன்று ஆண்டுப் படிப்பு எதற்கு என்று அண்ணன் கேட்கிறார். இதைக் கல்லூரிக்குப் போய்த்தான் கற்க வேண்டுமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள வாசகிக்கு,

நான் வடிவமைப்பாளன் அல்லன்; வடிவமைப்பாளர்களிடம் வேலை கொடுத்துவிட்டுக் காத்திருந்தவன், அவ்வளவே.

அண்ணன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மென்பொருளைப் பழகுவதற்கு மட்டும் மூன்று ஆண்டுகள் வேண்டியதில்லை. ஆனால், நீங்கள் கண்விழித்துச் செய்த சுவரொட்டியை வகுப்புச் சுவரில் ஒட்டவைத்து, தலைப்பு ஏன் முதலில் கண்ணில் படவில்லை, இந்த மூலையை எதற்காகக் காலியாக விட்டீர்கள் என்று விரிவுரையாளரும் சக மாணவர்களும் நேருக்கு நேர் கேட்கும் இடம் கல்லூரிதான். பதில் தெரியாமல் நின்று, கழற்றிக்கொண்டுபோய், மறுவாரம் மீண்டும் கொண்டுவந்து ஒட்டுகிறபோதுதான் கண் பழகுகிறது. யூடியூப் காணொளியை நீங்கள் பார்க்கலாம். அது உங்கள் வேலையைப் பார்ப்பதில்லை.

பழகிய கண்ணுக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை நான் பணம் கொடுத்துத் தெரிந்துகொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் என் நூல் வெளியீட்டுக்கு 300 அழைப்பிதழ்கள் அச்சிட்டோம். வண்ணமும் ஓர இடைவெளியும் அத்தனை நேர்த்தி. ஆனால் ‘தொகுப்பு’ என்ற சொல்லில், தகரத்துக்கு முன்னால் நிற்க வேண்டிய ஒற்றைக் கொம்பு பின்னால் போய்க் காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பகரத்தின் புள்ளி தலையை விட்டு நழுவிப் பக்கத்து இடைவெளியில் தொங்கியது. கணினி ‘தொ’வைச் சேமிக்கும்போது மெய்யை முதலிலும் உயிர்க்குறியை அடுத்தும்தான் வைக்கிறது, திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து நிறுத்துவது மென்பொருளின் வேலை. வடிவமைப்பு மென்பொருள்கள் சிலவற்றில் தெற்காசிய எழுத்துகளுக்கான அமைப்பைத் தனியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் அந்த வேலை நடக்காது. அழைப்பிதழை வடிவமைத்த இளைஞருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது, ஆகவே பிழை இருப்பதே அவருக்குத் தெரியவில்லை. மாதிரியைக் கைத்தொலைபேசியில் ஒரு நொடி பார்த்துவிட்டுச் சரி என்று பதில் அனுப்பியவன் நான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்களுக்கு அந்தக் கொம்பு உடனே கண்ணில் குத்தியிருக்கும். நான்கு அதிகாரத்துவ மொழிகள் உள்ள சிங்கப்பூரில் அறிவிப்புப் பலகைகளைப் பாருங்கள்: பெரும்பாலும் தமிழ் கடைசி வரி, ஆங்கிலத்துக்கு அளந்த இடத்தில் அதைவிட நீளமான தமிழ்ச் சொற்றொடரை நெருக்கித் திணித்த வரி. ரகரம் ஒல்லி, ‘ணை’ அகலம். மேலே இகரக் குறியின் விசிறியும் புள்ளியும், கீழே உகரக் குறியின் சுழியும் இடம் கேட்கின்றன. இவற்றுக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று யோசிப்பதற்கு முதலில் அதை வாசிக்கத் தெரிய வேண்டும். படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் பல வேளைகளில் தமிழை எழுத்து மாதிரியான ஒரு கோலமாகத்தான் போட்டுத் தருகின்றன. நாளை அவை திருந்தலாம். அப்போதும் சரிபார்க்க ஒரு கண் வேண்டியிருக்கும்.

அப்பாவின் கவலையை நான் ஒதுக்கவில்லை. பொதுவாக இத்துறையில் தொடக்கச் சம்பளம் கணினித் துறையைவிடக் குறைவு. தனியாகத் தொழில் செய்பவர்கள் பணம் வந்துசேரக் காத்திருப்பதும் உண்டு. ஆனால் இது நேற்று முளைத்த படிப்பு என்று அவர் நினைத்தால், நன்யாங் நுண்கலைக் கழகம் 1938லும் லாசால் கலைக் கல்லூரி 1984லும் தொடங்கின என்றும், இரண்டும் சேர்ந்த சிங்கப்பூர்க் கலைப் பல்கலைக்கழகம் 2024ல் உருவானது என்றும் சொல்லுங்கள். பட்டயத்துக்குப் பிறகு பட்டப்படிப்புக்கு வழி இருக்கிறது என்பது அவருக்கு ஓரளவு ஆறுதலாக இருக்கும்.

பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கைக்குச் சாதாரண நிலைத் தேர்வுக்கு முன்பே விண்ணப்பிக்க வேண்டும். அதில் மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல், ஆர்வத்தையும் படைப்புத் தொகுப்பையும் நேர்முகத்தில் பார்ப்பார்கள். அத்தொகுப்பில் அழகான பூக்களும் கார்ட்டூன் முகங்களும் எல்லாரும் வைப்பார்கள். நீங்கள் உங்கள் வட்டாரத்தில் ஒரு கட்டுமானத் தளத்தின் நான்கு மொழி எச்சரிக்கைப் பலகையைப் படமெடுத்து, அதைத் திருத்தி அமைத்து, முதல் முயற்சியிலிருந்து கடைசி வரை எது ஏன் மாறியது என்ற குறிப்போடு வையுங்கள். தோல்வியடைந்த முயற்சிகளை எடுத்துவிடாதீர்கள்.

அந்த அழைப்பிதழ்களில் ஒரு கட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. முகவரி எழுதினால் ஒன்றை அனுப்புகிறேன். நான் எண்ணியவரை 11 பிழைகள், நீங்கள் எண்ணிவிட்டுச் சொல்லுங்கள்.