பட்டறைப் பக்கம்: மலையில் நிற்கும் அம்பாசடர்

கேள்வி: ஐயா, அப்பா 1984-இல் வாங்கிய பெட்ரோல் அம்பாசடரை இன்னும் நான்தான் ஓட்டுகிறேன். மே மாதம் குடும்பத்தோடு ஏற்காடு ஏறும்போது பதினான்காவது கொண்டை ஊசி வளைவு தாண்டியதும் இழுவை குறைந்தது. திணறித் திணறி நின்றுவிட்டது. அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காதது போல ஸ்டார்ட் ஆனது. மெக்கானிக் பெட்ரோல் பம்பை மாற்றினார். ஜூனில் போனோம், மறுபடி அதே கதை. வீட்டில் விற்கச் சொல்கிறார்கள். (வாசகர், ஆத்தூர்)

பதில்: விற்காதீர்கள் தம்பி. கழற்றிப் போட்ட அந்தப் பழைய பம்பும் நல்ல பம்பாகத்தான் இருந்திருக்கும். சூடு ஆறியதும் தானாக ஓடும் வண்டியில் முதலில் சந்தேகப்பட வேண்டியது வேப்பர் லாக், அதாவது பெட்ரோல் பைப்பிலேயே சூட்டில் ஆவியாகி வழியை அடைத்துக்கொள்வது.

பெட்ரோல், தண்ணீர் மாதிரி 100 டிகிரி வரை காத்திருக்காது. அதில் சீக்கிரம் ஆவியாகும் பகுதி 40 டிகிரிக்குள்ளேயே கொதிக்கத் தொடங்கிவிடும். உங்கள் காரில் டேங்க் பின்னால், பம்ப் முன்னால் எஞ்சினோடு ஒட்டி. அவ்வளவு தூரமும் பம்ப் உறிஞ்சித்தான் இழுக்கிறது. உறிஞ்சும் பைப்பில் அழுத்தம் குறைவு. மலை ஏற ஏறக் காற்றழுத்தமும் குறைவு. அழுத்தம் குறைந்தால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். இரண்டாவது கியரில் ஊர்ந்து ஏறும்போது பானெட்டுக்குள் காற்றோட்டமும் கிடையாது. பைப்பில் ஆவி நிறைந்தபின் பம்ப் அந்த ஆவியைத்தான் அமுக்கி விட்டுக்கொண்டிருக்கும், பெட்ரோல் மேலே வராது.

நான் வேலை பழகிய நாளில் கொல்லிமலையில் இப்படி ஒரு அம்பாசடர் நின்றது. எழுபது வளைவில் பாதிகூட ஏறவில்லை. மேஸ்திரி ஸ்பேனரையே எடுக்கவில்லை. துண்டை நனைத்துப் பம்ப்மேலும் பைப்மேலும் போட்டார், டேங்க் மூடியைத் திறந்து மூடினார். வண்டி ஆறியதும் என்னை அடியில் படுக்கச் சொல்லி, "பெட்ரோல் பைப்பைக் கையால் தடவிக்கிட்டே வாடா" என்றார். நடுவில் இரண்டு கிளிப் இல்லை. பைப் தொங்கி, சைலன்சர் பைப்பைத் தொடும் தூரத்தில் கிடந்தது. கம்பியால் தூக்கிக் கட்டினோம், மேலே போய்ச் சேர்ந்தோம்.

நீங்களும் அதையே செய்யுங்கள். வண்டி நன்றாக ஆறியபின் டேங்கிலிருந்து பம்ப் வரை பைப்பை விரலால் தடவிப் பாருங்கள். சைலன்சருக்குப் பக்கத்தில் வரும் இடத்தில் தள்ளிக் கட்டுங்கள், அல்லது நடுவில் ஒரு தகரத் தடுப்பு வையுங்கள். ரப்பர் ஹோஸில் வெடிப்பு இருந்தால் காற்றை உறிஞ்சும். அதுவும் இதே மாதிரிதான் படுத்தும். இந்த எஞ்சினில், பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டரும், புகையை வெளியே தள்ளும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். சூடு ஏறாமல் தடுக்கக் கார்புரேட்டருக்கு அடியில் இருக்க வேண்டிய தடித்த ஃபைபர் பேக்கிங்கை எடுத்துவிட்டு வெறும் காகித கேஸ்கட் போட்ட வண்டிகள் எத்தனையோ என் கைக்கு வந்திருக்கின்றன. அதைப் பார்த்தே ஆக வேண்டும். ரேடியேட்டர் அடைப்பு, தளர்ந்த ஃபேன் பெல்ட், பின்தங்கிய டைமிங் (ஸ்பார்க் தாமதமாக விழுவது) எல்லாம் சூட்டைக் கூட்டும்.

இத்தனைக்குப் பிறகும் நின்றால், டேங்க் பக்கத்தில் கார்புரேட்டர் வண்டிக்கான எலக்ட்ரிக் பம்ப் போடலாம். பின்னாலிருந்து தள்ளினால் பைப்பில் அழுத்தம் இருக்கும், எளிதில் கொதிக்காது. இன்ஜெக்‌ஷன் கார் பம்பை மட்டும் மாட்டிவிடாதீர்கள். அந்த அழுத்தத்தைக் கார்புரேட்டர் ஊசி தாங்காது, பெட்ரோல் வழிந்து தீப்பிடிக்கும்.

ஒன்று கவனம்: பிளக்கில் ஸ்பார்க் வர மின்சாரம் கொடுக்கும் இக்னிஷன் காயில் சூடேறினாலும் இதே வேலையைக் காட்டும். அடுத்த முறை நின்றவுடன் பிளக்கில் ஸ்பார்க் வருகிறதா பாருங்கள். வராவிட்டால் நான் மேலே சொன்னது எதுவும் உங்களுக்கில்லை, காயிலை மாற்றுங்கள். பெட்ரோல் ஹோஸைக் கழற்றியிருக்கும்போது ஸ்பார்க் சோதனை வேண்டவே வேண்டாம். ஈரத் துணியை மேனிஃபோல்டு மேல் போடாதீர்கள். சூட்டில் இருக்கும் வார்ப்பிரும்பு விரிசல் விடும்.

கேள்வி: என் பத்மினி கார் ஓடும்போது நிற்பதில்லை. டீ குடிக்கப் பத்து நிமிடம் நிறுத்தினால்தான் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, பெட்ரோல் வாடையும் அடிக்கிறது. (வாசகி, திண்டுக்கல்)

பதில்: உங்களுடையது வேறு, அம்மா. எஞ்சினை அணைத்ததும் ஃபேனும் நின்றுவிடும். சூடு மேலேறிக் கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ள பெட்ரோல் கொதித்து உள்ளே வழிகிறது. எஞ்சினுக்குப் பெட்ரோல் குறையவில்லை, கூடிப்போய்விட்டது. சோக்கை இழுக்காதீர்கள். ஆக்ஸிலரேட்டரை ஒரே மிதியாக முழுக்க அழுத்தி, விடாமல் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைப் போடுங்கள். அடித்து அடித்து மிதித்தால் இன்னும் நனையும். டீக்கடையில் பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டுப் போனாலே பாதித் தொல்லை தீரும்.

கேள்வி: எத்தனால் கலந்த பெட்ரோலால் பழைய காருக்கு இந்தத் தொல்லை கூடுமா? (வாசகர், கும்பகோணம்)

பதில்: என் கவலை முதலில் ரப்பர்மேல்தான். அந்தக் காலத்து ஹோஸும், பம்புக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற சவ்வும் எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல. ஊறும், இளகும், வெடிக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸ் என்று கேட்டு வாங்கி, டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரை ஒரே நாளில் மாற்றிவிடுங்கள்.