சங்கத்தில் சேரலாமா?

ஐயா வணக்கம்,

கோவையில் எம்.எஸ்ஸி. உளவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வகுப்பில் பாதிப் பேர் ஏதாவது ஒரு உளவியல் சங்கத்தில் சேர்ந்துவிட்டார்கள். 'மெம்பர்ஷிப் இருந்தால்தான் பிராக்டிஸ் பண்ண முடியும்' என்கிறார் ஒரு சீனியர். 'படிக்கிற பிள்ளைக்குச் சங்கம் எதுக்கு?' என்கிறார் அப்பா. நான் சேரலாமா? சேர்ந்தால் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்ளலாமா?

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

உங்கள் சீனியர் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருக்கிறார். சங்க உறுப்பினர் அட்டை வேறு, தொழில் செய்வதற்கான பதிவு வேறு. 'கிளினிகல் சைக்காலஜிஸ்ட்' என்று பலகை மாட்ட வேண்டுமானால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின், அதாவது ஆர்.சி.ஐ.யின், மையப் பதிவேட்டில் பெயர் இருக்க வேண்டும். 1992ஆம் ஆண்டுச் சட்டம் அது. மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். (1,000 ரூபாய்! ஒரு அமர்வுக்கே அதைவிடக் கூடுதலாக வாங்குகிறவர்கள் உண்டு.) சாதாரண எம்.எஸ்ஸி. உளவியலை வைத்து அந்தப் பதிவு கிடைக்காது, ஆர்.சி.ஐ. ஏற்றுக்கொண்ட படிப்பு வேண்டும். எந்தச் சங்கத்துக்குச் சந்தா கட்டினாலும் அது கைக்கு வராது. அமெரிக்காவிலும் இப்படித்தான்: 1892இல் தொடங்கிய அமெரிக்க உளவியல் சங்கம் எவ்வளவு பெரிதாக வளர்ந்தாலும், உரிமம் தருவது மாநில வாரியங்கள்தான்.

அப்படியானால் அப்பா சொல்வதுதான் சரியா? நானும் அப்படி நினைத்த காலம் உண்டு. மாணவனாக இருந்தபோது ஒரு சங்கத்துக்கு ஆயுள் சந்தா கட்டினேன். ரசீது வந்தது. அதற்குப் பிறகு ஒரு தபால் அட்டைகூட வரவில்லை. வீடு மாறியதை நானும் அவர்களுக்குச் சொல்லவில்லை, அது வேறு கதை.

என் மனம் மாறியது 2021 ஜூனில். ஒருபால் ஈர்ப்பாளர்களை 'மாற்றிக் காட்டுகிறேன்' என்று சிகிச்சை நடத்துகிறவர்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டும், தொழில் உரிமத்தைப் பறிப்பது உட்பட, என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். அதற்கு முன் அவரே ஒரு உளவியலாளரிடம் போய் உட்கார்ந்து விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். படித்ததும் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் உறைத்தது: எம்.எஸ்ஸி. முடித்த கையோடு ஒரு அறையை வாடகைக்குப் பிடித்து 'கவுன்சிலர்' என்று உட்கார்ந்திருப்பவரிடம் பறிக்க என்ன உரிமம் இருக்கிறது? பாதிக்கப்பட்ட பையன் யாரிடம் போய்ப் புகார் கொடுப்பான்?

2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்கள் சட்டத்தின் பட்டியலில் 'கிளினிகல்' அல்லாத மற்ற உளவியலாளர்களும் இருக்கிறார்கள். அது முழுமூச்சாக இயங்கும் வரை, பதிவில்லாத ஒருவரைத் தொழில்முறையில் தட்டிக் கேட்கக்கூடியது அவர் கையெழுத்திட்ட சங்கத்தின் நன்னெறி விதிகள் மட்டும்தான். பலவீனமான கயிறுதான், ஒப்புக்கொள்கிறேன். சங்கங்களும் வழுக்கி விழும். ராணுவம் கைதிகளிடம் நடத்தும் விசாரணைகள் தொடர்பான நன்னெறி விதிகளை அந்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்கு இசைவாக வளைத்துக் கொடுத்ததாக அமெரிக்கச் சங்கத்தின் மேலேயே 2015இல் ஒரு விசாரணை அறிக்கை வந்தது. அதற்குப் பல வருடங்கள் முன்பிருந்தே அச்சங்க உறுப்பினர்கள் சிலர் கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று எதிர்த்துக்கொண்டிருந்தார்கள். உளவியலாளர்கள் அந்த விசாரணைகளில் பங்கேற்கக் கூடாது என்று சங்கம் ஓட்டெடுத்து முடிவு செய்ததும் அதே வருடம்தான்.

அதனால் சேருங்கள். ஆனால் ஒன்றில் மட்டும், அதுவும் ஆண்டுச் சந்தாவில். பணம் கட்டுவதற்கு முன் அவர்களின் நன்னெறி விதிகளை வாங்கிப் படியுங்கள். புகார் வந்தால் விசாரிக்கக் குழு இருக்கிறதா, மாணவ உறுப்பினருக்கு ஓட்டு உண்டா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அந்தப் பணத்தில் ஒரு மாநாட்டுக்குப் போய்வரலாம். அங்கே கட்டுரை வாசிப்பதைவிட மதியச் சாப்பாட்டு வரிசையில் கற்றுக்கொள்வது அதிகம். எந்த மருத்துவமனையில் பயிற்சி ஒழுங்காகக் கொடுக்கிறார்கள், எங்கே மாணவர்களை ஃபைல் தூக்க விடுகிறார்கள் என்பதெல்லாம் எந்தக் கையேட்டிலும் இருக்காது.

விசிட்டிங் கார்டில் போட வேண்டாம். உங்களிடம் வருகிறவர்களுக்கு ஆர்.சி.ஐ. பதிவுக்கும் சங்க உறுப்பினர் அட்டைக்கும் வித்தியாசம் தெரியாது. உங்கள் சீனியருக்கே தெரியவில்லையே.