கேடயத்துக்குக் காசு கேட்கிறார்கள், கட்டலாமா?

பெரிய புகைப்படப் போட்டிகள் பலவற்றுக்கு டிசம்பர், ஜனவரியில்தான் கடைசித் தேதி. அதனாலோ என்னவோ, இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் போட்டி பற்றியவை. பெங்களூர்த் தமிழர்கள் கேட்டவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டேன்.

இன்ஸ்டாகிராமில் விளம்பரம் பார்த்து ஒரு போட்டிக்குப் படம் அனுப்பினேன். 'சிறப்புத் தேர்வு' என்று மெயில் வந்தது. கேடயம், சான்றிதழ் வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா சார்? (கல்லூரி மாணவி, அல்சூர்)

வேண்டாம்மா. ஜெயித்தவரிடமே கேடயத்துக்குக் காசு வாங்கும் போட்டிக்கு, ஜெயித்தவர்கள்தான் வருமானம். அதனால் அங்கே ஜெயிப்பவர்களுக்குப் பஞ்சமே இருக்காது. அடுத்த முறை அனுப்பும் முன், நடுவர்களின் பெயர் போட்டிருக்கிறார்களா, போன வருடம் பரிசு வாங்கிய படங்களைப் பார்க்க முடிகிறதா என்று தேடுங்கள். 'சிறப்புத் தேர்வு' நூற்றுக்கணக்கானவர்களுக்குப் போயிருந்தால் அது தேர்வே இல்லை.

நுழைவுக் கட்டணம் வாங்கினாலே மோசடி என்றும் சொல்லமாட்டேன். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் 'வைல்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' பெரியவர்களிடம் கட்டணம் வாங்குகிறது, 17 வயது வரை இலவசம். பிரிட்டனில் 2003-இல் தொடங்கிய 'டிராவல் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' போட்டிக்கும் கட்டணம் உண்டு. வேர்ல்ட் பிரஸ் போட்டோ, சோனி வேர்ல்ட் போட்டோகிராஃபி அவார்ட்ஸ், துபாயின் ஹிபா ஆகிய மூன்றுக்கும் கட்டணம் கிடையாது. படிக்கிற வயதில் முதலில் இலவசமானவற்றில் மோதிப் பாருங்கள்.

ஒரு சுற்றுலா நிறுவனத்தின் போட்டி. பரிசு பத்தாயிரம் ரூபாய். 'அனுப்பப்படும் எல்லாப் படங்களையும் காலவரையின்றி, உலகம் முழுவதும், பணம் தராமல் பயன்படுத்திக்கொள்வோம்' என்று விதிமுறையில் இருக்கிறது. இது வழக்கம்தானா? (வங்கி ஊழியர், ஸ்ரீராமபுரம்)

வழக்கம்தான். சிக்கலும் அதுதான். 'பரிசு பெற்ற படங்கள்' என்று போடாமல் 'அனுப்பப்படும் எல்லாப் படங்கள்' என்று போட்டிருக்கிறார்கள், பாருங்கள். ஒருவருக்குப் பத்தாயிரம் கொடுத்துவிட்டு, கலந்துகொண்ட அத்தனை பேரின் படங்களையும் விளம்பரத்துக்கு அள்ளிக்கொள்கிற ஏற்பாடு இது. ஒழுங்கான போட்டிகளும் உரிமம் கேட்கும். ஆனால் அது கண்காட்சி, புத்தகம், போட்டியைப் பற்றிய செய்தி என்ற அளவோடு நிற்கும், உங்கள் பெயரும் கூடவே வரும்.

நம் பதிப்புரிமைச் சட்டம், 1957, இந்த விஷயத்தில் தாராளமானது. புகைப்படத்துக்கு, எடுத்தவரின் வாழ்நாள் முழுவதும், அதற்குப் பிறகு 60 ஆண்டும் பாதுகாப்பு. உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும்தான் எடுத்துக்கொள்ளப்படும். 'காலவரையின்றி, உலகம் முழுவதும்' என்று வக்கீல் வைத்து எழுதுவதே இந்த இரண்டையும் காலி செய்யத்தான். உங்கள் சிறந்த படத்தை அங்கே அனுப்பாதீர்கள். எனக்கானால் சுமாரான படத்தைக்கூட அனுப்ப மனசு வராது.

அப்புறம், நீங்கள் கேட்காத ஒன்று. கூர்க்கில் ஒரு ரிசார்ட் காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது அந்தப் படத்தின் முதல் உரிமையாளர் ரிசார்ட்தான், எடுத்த நீங்கள் இல்லை. இதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆகவே அட்வான்ஸ் வாங்கும் முன்பே, உரிமை யாருக்கு, எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கே.ஆர். மார்க்கெட்டில் எடுத்த படம். பூக்குவியலுக்கு மேலே ஒரு ஒயர் தொங்குகிறது. அழித்துவிட்டு அனுப்பினால் கண்டுபிடிப்பார்களா? (சிவாஜிநகர்)

கண்டுபிடிப்பார்கள். பெரிய போட்டிகளில் கடைசிச் சுற்றுக்கு வந்ததும் ரா ஃபைல் (கேமரா பதிவு செய்த, கை வைக்காத மூலக் கோப்பு) கேட்பார்கள். 2015-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோவில் இறுதிக்கு முந்தைய சுற்றை எட்டிய படங்களில் சுமார் 20 சதவீதம் இப்படித்தான் வெளியே போயின. 2010-இல் கீவ் நகரத் தெருச் சண்டை பற்றிய ஒரு தொகுப்பு, பரிசு அறிவித்த பிறகும் தகுதி இழந்தது. ஒரு படத்தின் ஓரத்தில் தெரிந்த யாரோ ஒருவரின் பாதத்தை அழித்திருந்தார்கள். படத்தைக் கிராப் செய்து (ஓரங்களை வெட்டி) கறுப்பு வெள்ளையாக மாற்றியதை யாரும் குறை சொல்லவில்லை. அந்தத் துண்டுப் பாதம்தான் வினையாகிவிட்டது.

புகைப்படக் கிளப் போட்டிகளின் 'டிராவல்' பிரிவு இதைவிடக் கறார். அமெரிக்கப் புகைப்படச் சங்கமான பி.எஸ்.ஏ.வின் வரையறைப்படி, கிராப் செய்வதைத் தவிர வேறு வழியில் எதையும் சேர்க்கவோ நீக்கவோ நகர்த்தவோ கூடாது. முகத்தை மட்டும் நெருக்கமாக எடுத்தால், அது எந்த இடம் என்று சொல்ல ஏதாவது படத்தில் இருக்கவேண்டும். பலர் சறுக்குவது இன்னொரு விதியில்: புகைப்படம் எடுப்பதற்கென்றே ஏற்பாடு செய்த நிகழ்ச்சியும், கூலி கொடுத்து நிற்கவைத்த ஆளும் கூடாது.

இங்கிருந்து வாரக் கடைசியில் வேன் வைத்துக் கூட்டிப்போகும் சில ஒர்க்‌ஷாப்களை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை ஏரி. பரிசலில் நிற்கும் பெரியவர், 'ரெடி' என்றதும் வலையை விரித்து வீசுவார். வலையில் மீன் இருக்காது, பிடிப்பதும் அவர் நோக்கமில்லை. கரையில் வரிசையாக டிரைபாடு. நடுவராக உட்கார்ந்தால் அதே பெரியவர், அதே சிவப்புத் தலைப்பாகை, அதே வட்டமான வலை, வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டே இருக்கும். இதைப் பயிற்சிக்கு எடுப்பதில் தப்பில்லை. 'மீனவர் வாழ்க்கை' என்று தலைப்பு வைத்து அனுப்புவதுதான் பொய்.

உலகப் போட்டிகளிலும் இந்தச் சண்டை நடந்திருக்கிறது. 2019-இல் ஹிபாவின் 1,20,000 டாலர் முதல் பரிசு, வியட்நாமில் எடுத்த ஒரு தாய், பிள்ளைகள் படத்துக்குப் போனது. அதே தாயைப் பலர் சுற்றி நின்று எடுக்கும் காட்சி வெளியானதும் பெரிய விவாதமாகிவிட்டது. வைல்ட்லைஃப் போட்டியில் பரிசு வாங்கிய ஓர் எறும்புத்தின்னி, பதப்படுத்தி வைத்த பொம்மை என்று அருங்காட்சியகம் முடிவு செய்து 2018-இல் பரிசைத் திரும்பப் பெற்றது.

உங்கள் ஒயருக்கு வருவோம். இன்னொரு நாள் காலை போய், மேல்மாடியிலிருந்து கீழ்நோக்கி எடுங்கள். ஃபிரேமில் ஒயர் வராது, சாமந்தி மூட்டைகளின் நிறமும் அங்கிருந்துதான் நன்றாக வரும்.

ஏ.ஐ.யில் உருவாக்கிய படத்தை அனுப்பலாமா? (பெயர், பகுதி இல்லை)

ஏ.ஐ.க்கென்றே தனிப் பிரிவு இருந்தால் அனுப்புங்கள், இல்லாவிட்டால் கூடாது. 2023-இல் சோனி போட்டியில் ஒரு பிரிவில் ஜெயித்த ஜெர்மன் கலைஞர் போரிஸ் எல்டாக்சன், தன் படம் ஏ.ஐ.யில் செய்தது என்று சொல்லிப் பரிசை மறுத்தார். அதற்குப் பிறகு எல்லோரும் உஷாராகிவிட்டார்கள்.

ஐ.டி.யில் பன்னிரண்டு வருடம் ஆச்சு. வேலையை விட்டுவிட்டு முழுநேரப் பயணப் புகைப்படக்காரர் ஆகலாம் என்று இருக்கிறேன். முதலில் ஒரு சர்வதேச விருது வாங்கிவிட்டால் வழி திறக்குமா? (ஒயிட்ஃபீல்டு)

விருது வாங்கினால் ஒரு வாரம் போன் அடிக்கும். பாராட்டுத்தான் பெரும்பாலும், வேலை இல்லை. நம் ஊரில் 'டிராவல் போட்டோகிராஃபர்' என்று போட்டுக்கொள்பவர்களில் பலருக்கு அடுப்பு எரிவது ஹோட்டல், ரிசார்ட் வேலையிலும், கட்டட உள்ளலங்காரப் படங்களிலும், கல்யாணத்திலும், வகுப்பு எடுப்பதிலும்தான். அச்சுப் பயண இதழ்கள் தேய்ந்துவிட்டன, படங்களை இணையத்தில் விற்கும் ஸ்டாக் தளங்களில் சில்லறைதான். இதைச் சொன்னால் ஆர்வத்தைக் கெடுக்கிறேன் என்கிறார்கள். இருக்கட்டும். சம்பளம் வரும்போதே ரிசார்ட் ஒன்றுக்கோ ஹோம்ஸ்டே ஒன்றுக்கோ வேலை செய்து, பில் போட்டு, அந்தப் பணத்தை வசூலித்துப் பாருங்கள். அந்த வசூல் வேலை உங்களுக்கு ஒத்துவருகிறதா என்பது தெரிந்த பிறகு ராஜினாமா பற்றி யோசிக்கலாம். (ஜி.எஸ்.டி. பதிவைப் பற்றி இப்போதே கவலை வேண்டாம். சேவைக்கு ஆண்டு வரவு 20 லட்சம் தாண்டும்போதுதான் பொதுவாக அது வரும்.)

கலை இயக்குநரோ எடிட்டரோ உங்களிடம் கேட்பது ஒரே விஷயத்தில் தோண்டிய இருபது படம். லடாக் ஏரி, வாரணாசிப் படித்துறை, ஹம்பி ரதம் என்று ஊருக்கு ஒன்றாக வைத்திருந்தால் அவர்களுக்கு உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. விமானம் ஏறவும் வேண்டாம். கன்னடச் சைத்ர மாதப் பௌர்ணமி இரவு திகளர்பேட்டை தர்மராயர் கோயிலிலிருந்து கரகம் கிளம்புவதை எடுக்காத ஆள் பெங்களூரில் இல்லை. மல்லிகைக் கோபுரம், சுற்றிலும் வாளேந்திய வீரகுமாரர்கள், நூறு ஃபிளாஷ். எல்லோரிடமும் அதே படம். கரகம் தவக்கல் மஸ்தான் தர்காவுக்குப் போகும் வழி, அந்தப் பூவைத் தொடுக்கும் கைகள், விழாவுக்கு முந்தைய நாட்களில் விழாவை நடத்தும் திகளர் சமூகத்து வீடுகளில் நடக்கும் விரதம், இவற்றை யார் வருடக்கணக்கில் பின்தொடர்ந்திருக்கிறார்கள்? உங்களுக்குத் தமிழ் தெரியும், பத்து வருடத்துக்கு மேல் இங்கே இருந்ததில் கன்னடமும் வந்திருக்கும். வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு வாய்க்காத வசதி இது. அப்படி ஒரு தொகுப்பு கையில் இருந்தால் போட்டிக்கும் அனுப்பலாம், மானியத்துக்கும் கேட்கலாம், வாடிக்கையாளரிடமும் காட்டலாம்.

பெயருக்குப் பின்னால் ஏ.எஃப்.ஐ.ஏ.பி. என்று போட்டுக்கொள்கிறார்களே, அது தொழிலுக்கு உதவுமா? (ஹோசூர் ரோடு)

1950-இல் தொடங்கிய ஃபியாப் என்ற சர்வதேசக் கூட்டமைப்பு தரும் பட்டம் அது. அதன் ஆதரவு பெற்ற போட்டிகளில் படங்கள் ஏற்கப்பட்ட கணக்கைப் பார்த்துத் தருகிறார்கள். கிளப் வட்டாரத்தில் மரியாதை உண்டு, காசு கொடுப்பவர் கேட்கமாட்டார். ஆனால் கிளப்பை விட்டுவிடாதீர்கள். 1971-இல் தொடங்கிய நம் யூத் போட்டோகிராஃபிக் சொசைட்டி போன்ற இடத்தில் உங்கள் படத்தை நாலு பேர் முகத்துக்கு நேராகக் குறை சொல்வார்கள். இன்ஸ்டாவில் அது கிடைக்காது.

மார்க்கெட்டில் பூ விற்கும் அக்காக்களை எடுக்க அனுமதிக் கையெழுத்து வாங்கவேண்டுமா? (மல்லேஸ்வரம்)

செய்திக்கும் கண்காட்சிக்கும் பொதுவாகத் தேவைப்படாது. விளம்பரத்துக்குப் போகும் படம் என்றால் கட்டாயம் வாங்குங்கள். சில போட்டிகளும் கேட்கும். கையெழுத்தை விட முதலில் பேச்சு. ஓசூர்ப் பக்கத்துப் பூவோடு ஓசூர்ப் பக்கத்துத் தமிழும் அங்கே வரும். 'அக்கா, இன்னிக்கு முழம் என்ன விலை?' என்று ஆரம்பியுங்கள். ஒரு முழம் வாங்கவும் செய்யுங்கள்.

பாலிக்கு இரண்டு கேமரா பாடி, நான்கு லென்ஸ் எடுத்துப் போகிறேன். திரும்பும்போது கஸ்டம்ஸில் வரி கேட்பார்களா? (இந்திராநகர்)

போகும்போதே கெம்பேகவுடா விமான நிலையக் கஸ்டம்ஸ் கவுண்டரில் சாமானைக் காட்டி எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் (சாமான் இங்கிருந்தே போனது என்பதற்கான சான்று) வாங்கிவிடுங்கள். சீரியல் எண்களை ஒரு தாளில் எழுதி, பில் நகலோடு கொண்டுபோனால் வேலை சீக்கிரம் முடியும். பையை செக்-இன் செய்வதற்கு முன்பே இதை முடிக்கவேண்டும். அதற்கு ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள், ஹெப்பால் டிராஃபிக் தனிக்கணக்கு.