ஜிபிஎஸ் புள்ளிகள் 22 கிலோமீட்டர் தள்ளி விழுவது பற்றி
வணக்கம். உங்கள் ஜிபிஎஸ் புள்ளிகள் வரைபடத்தில் 22 கிலோமீட்டர் தள்ளி விழுவது ஏன், கருவியில் கோளாறா என்று கேட்டிருந்தீர்கள். கையடக்க ஜிபிஎஸ்ஸில் 40° 30.500' என்று காட்டுவதைக் கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் 40.30500 என்று தட்டியிருக்கிறீர்கள். புள்ளி 22 கிலோமீட்டர் தெற்கே விழக் காரணம் அதுதான். கருவியில் கோளாறு இல்லை, புதிதாக வாங்கிவிடாதீர்கள்!

அந்த 30.500 என்பது நிமிடக் கணக்கு, ஒரு பாகைக்கு 60 நிமிடம். 60-ஆல் வகுத்தால் 0.50833, ஆக, உள்ளிட வேண்டியது 40.50833. தீர்க்கரேகைக்கும் இதே கணக்குதான். இல்லையென்றால் கருவியின் அமைப்புகளில் தசம பாகை (40.50833 போன்ற) வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னும் நல்ல வழி, கையால் தட்டுவதையே விட்டுவிடுவது. யூஎஸ்பி கேபிளில் இணைத்து கருவி புள்ளிகளைச் சேமித்து வைக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பைக் கியூஜிஐஎஸ்ஸில் அப்படியே திறங்கள். அதில் எல்லாமே டபிள்யூஜிஎஸ் 84 (ஜிபிஎஸ் பயன்படுத்தும் டேட்டம், அதாவது ஆயங்களை அளக்கும் அடிப்படை அமைப்பு) தசம பாகையில்தான் இருக்கும்.

அப்புறமும் சில நூறு மீட்டர் விலகினால், பின்னணி வரைபடத்தின் டேட்டம் அதேதானா, வேறா என்று பாருங்கள்.