காவலரின் மனச்சாட்சிக்கு எங்கே இடம்?

கேள்வி: ஒரு சட்டம் தவறானது என்று மனத்துக்குப் பட்டாலும் காவல்துறை அதிகாரி அதைச் செயல்படுத்தத்தான் வேண்டுமா? மனச்சாட்சிக்கு அங்கே இடமே இல்லையா?
– வாசகி ஒருவர், திண்டுக்கல்.

பதில்: செயல்படுத்தத்தான் வேண்டும். கொடிய சட்டம் ஒன்றை எதிர்த்து நிற்கும் இரக்கமுள்ள காவலரை எண்ணியே பலரும் இதைக் கேட்கிறார்கள். நம் காவல் நிலையங்களிலோ, சட்டத்தை ஏற்காத மனம் பெரும்பாலும் எளியவர்களுக்கு எதிராகவே வேலை செய்திருக்கிறது. சாதி கடந்து மணந்து பாதுகாப்புக் கேட்டு வந்த பெண்ணைப் பெற்றோருடன் அனுப்பிவைக்கும் ஆய்வாளரும், வன்கொடுமைப் புகாரை வாங்காமல் சமாதானம் பேசி அனுப்பும் உதவி ஆய்வாளரும், தாங்கள் நியாயமாக நடப்பதாகவே நம்புகிறார்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் (1989) இந்த மனநிலையை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொண்டது. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேராத அரசு ஊழியர் அச்சட்டப்படியான கடமையை வேண்டுமென்றே புறக்கணித்தால், 6 மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது அதன் 4-ஆம் பிரிவு.

மனச்சாட்சிக்கான இடத்தைச் சட்டமே விட்டுவைத்திருக்கிறது. 7 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றங்களில் கைது என்பது வழக்கமான நடவடிக்கையாகிவிடக் கூடாது, கைது ஏன் தேவை என்பதை எழுத்தில் பதிய வேண்டும் என்று அர்னேஷ் குமார் வழக்கில் (2014) உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டம் கடுமையானது என்று கருதும் அதிகாரி அங்கே கைதைத் தவிர்த்து அறிவிப்பு அனுப்பலாம். சட்டவிரோதமான ஆணை வந்தாலோ மறுப்பதே கடமை. மேலதிகாரி சொன்னதால் செய்தேன் என்பது போலி என்கவுன்டருக்குச் சமாதானமாகாது என்று 2011-இல் பிரகாஷ் கதம் வழக்கில் அதே நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

என்னைத் தயங்க வைப்பது பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு. மனமொத்த ஒரே பாலினத்தவர் இருவரின் உறவை அது குற்றமாக்கியிருந்த காலத்தில், யாரையும் தேடிப்போய்ப் பிடிக்காமல் இருந்த காவலரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உறவைக் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிய பிறகும், அதை ஏற்காத காவலர்கள் இருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பின், பால்புதுமையினரை (ஒருபாலீர்ப்பினர், திருநர் உள்ளிட்டோரை) காவலர்கள் துன்புறுத்தக் கூடாது என்று 2022-இல் தமிழ்நாடு அரசு காவலர் நடத்தை விதிகளையே திருத்த வேண்டியிருந்தது. காவலரின் சொந்தக் கருத்தையே அளவுகோலாக்கினால், முன்னவரின் இரக்கத்தோடு பின்னவரின் வெறுப்பையும் நாம் ஏற்க நேரும்.

மனம் ஒப்பாத அதிகாரி மேலிடத்துக்கு எழுதலாம், இடமாற்றம் கேட்கலாம், பதவி விலகவும் செய்யலாம்; புகார் மனுவோடு வந்து நிற்பவரைத் திருப்பி அனுப்ப மட்டும் அவருக்கு உரிமை இல்லை. அப்படி யாரேனும் உங்களைத் திருப்பி அனுப்பினால், இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி, புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்புங்கள். அங்கும் பலனில்லையென்றால் நீதித்துறை நடுவரிடம் மனுச் செய்யலாம்.