கேள்வி பிள்ளைகளுடையது, வழி ஆசிரியருடையது: ஆர்.சி. தொடக்கப் பள்ளியில் தேடல்வழிக் கற்றல்

கேள்வி: கடலோரக் கிராமத்தில் அரசு உதவி பெறும் ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) தொடக்கப் பள்ளியில் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். 32 பிள்ளைகள். பாதிக்கு மேல் கத்தோலிக்கக் குடும்பங்கள். மற்றவர்கள் இந்து, முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள். பிள்ளைகளே கேள்வி எழுப்பி, அவர்களே தேடிக் கற்கும் முறையைத் தொடங்கிப் பாருங்கள் என்று தலைமையாசிரியை சிஸ்டர் சொல்கிறார். வகுப்பில் போய் "என்ன தெரிஞ்சுக்கணுமோ கேளுங்க" என்றால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. கேட்ட ஒரே கேள்வி, "பரீட்சையில வருமா டீச்சர்?" என்பதுதான். பாடத்தை முடிக்க வேண்டும், பெற்றோர் நோட்டைப் புரட்டிப் பார்க்கிறார்கள். கேட்கப் பழக்கிவிட்டால் கடவுளைப் பற்றியும் கேட்பார்களே, அதை எப்படிச் சமாளிப்பது என்ற தயக்கமும் இருக்கிறது. எங்கிருந்து தொடங்கலாம்?

பதில்: பிள்ளைகள் பேசாமல் இருந்ததற்காக நீங்கள் வருந்த வேண்டாம். எதைப் பற்றி என்றே சொல்லாமல் "கேளுங்க" என்றால் பெரியவர்களுக்கும் கேள்வி வராது. கண் முன்னால் ஒரு பொருளோ நிகழ்வோ இருக்க வேண்டும், அதைப் பார்த்துக்கொண்டே நிற்க நேரம் வேண்டும், கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கை வேண்டும். இந்த மூன்றும் இல்லாத வகுப்பில் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஒரே பாதுகாப்பான கேள்வி பரீட்சையைப் பற்றியதுதான்.

நமக்கு இது முழுக்கப் புதிதும் அல்ல. 2007-08இல் மாநிலம் முழுவதும் வந்த செயல்வழிக் கற்றல் அட்டைகள் உங்களுக்கு நினைவிருக்கும், அல்லது மூத்த ஆசிரியர்கள் சொல்லியிருப்பார்கள். அதில் ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் படியேறியது. அது பெரிய மாற்றம்தான். ஆனால் வேகம் பிள்ளையுடையதாக இருந்ததே தவிர, கேள்வி அட்டையில் அச்சாகியிருந்தது. இப்போது நீங்கள் எடுத்து வைக்கப்போவது அதற்கு அடுத்த படி.

பயிற்சிகளில் வழக்கமாகச் சொல்லும் வரிசை ஒன்று உண்டு. முதலில் கேள்வியும் வழிமுறையும் ஆசிரியருடையவை, பிறகு வழிமுறையைப் பிள்ளைகளிடம் விட வேண்டும், கடைசியில்தான் கேள்வி. நான்காம் வகுப்புக்கு நான் இந்த வரிசையைத் தலைகீழாக்கச் சொல்வேன். முதலில் கேள்வி எழுப்புவதைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். எப்படி அளப்பது, எதை மாற்றாமல் வைப்பது, எப்படிக் குறிப்பது என்ற வழிமுறையை இந்த ஆண்டு முழுவதும் நீங்களே கையில் வைத்திருங்கள். ஒன்பது வயதுப் பிள்ளைக்குக் கேள்வி கேட்கத் தெரியும். சோதனையைத் திட்டமிடத்தான் தெரியாது. எல்லாவற்றையும் அவர்களே கண்டுபிடிக்கட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றால், வீட்டில் ஏற்கெனவே சொல்லிக்கொடுக்க ஆள் உள்ள நாலு பிள்ளைகள் முன்னால் போவார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். வழிகாட்டல் மிகக் குறைந்தால் புதிதாகக் கற்போருக்குக் கற்றலும் குறையும் என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் ஆகிய மூவர் 2006இல் எழுதிய கட்டுரை கல்வியாளர்களிடையே பெரிய விவாதத்தைக் கிளப்பியது. அவர்களோடு எல்லாவற்றிலும் நான் உடன்படவில்லை. ஆனால் தொடக்கப் பள்ளியைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கை சரியானது.

முதல் சுற்றுக்குப் பள்ளிக் குழாயடியை எடுத்துக்கொள்ளுங்கள். செலவில்லை, தினமும் பார்க்கிற இடம், லிட்டர், மில்லிலிட்டர் கணக்கும் கூடவே வந்துவிடும். மூன்று வாரம் போதும்.

முதல் வாரம் வெறும் பார்வை. பாதிப் பாதியாகப் பிள்ளைகளை அழைத்துப் போய்க் கால் மணி நேரம் உட்கார வையுங்கள். நோட்டில் இரண்டே தலைப்பு: "நான் பார்த்தது", "எனக்குக் கேட்கத் தோன்றியது". வகுப்புக்குத் திரும்பியதும் ஒவ்வொரு கேள்வியையும் பிள்ளை சொன்ன வார்த்தையிலேயே கரும்பலகையில் எழுதுங்கள். திருத்தாதீர்கள், அங்கேயே பதில் சொல்லாதீர்கள், முக்கியமாகப் பாராட்டாதீர்கள். ஒருத்தியிடம் "நல்ல கேள்வி" என்றால், அடுத்தவன் தன் கேள்வி நல்லதுதானா என்று அளந்து பார்த்துவிட்டு அதை விழுங்கிவிடுவான். "குழாயை மூடினாலும் ஏன் சொட்டுது?", "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி வீணாப் போகுது?", "இங்க மட்டும் புல்லு ஏன் பச்சையா இருக்கு?", "நம்ம ஊர்த் தண்ணி ஏன் கரிக்குது?", "மழை பெய்யலைன்னா சாமிக்குக் கோபமா?" இந்த மாதிரி வரும்.

ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள் என்றும் கவனியுங்கள். அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார். அதை மூன்று விநாடிக்கு மேல் நீட்டியபோது பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாதவர்கள் பேசினார்கள், பிள்ளைகளே கேட்கும் கேள்விகளும் கூடின. மூன்று விநாடி நிற்பது கேட்க எளிது, வகுப்பில் மிகக் கடினம். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

பிறகு பிள்ளைகளையே கேள்விகளைப் பிரிக்கச் சொல்லுங்கள். செய்து பார்த்தால் தெரிவது, ஆளைக் கேட்டால் தெரிவது, புத்தகத்தில் கிடைப்பது, உட்கார்ந்து பேசி யோசிக்க வேண்டியது என்று நாலு பத்தி. என் அனுபவத்தில் இந்த முறையின் உயிர் இந்தப் பிரித்தலில்தான் இருக்கிறது. எந்தக் கேள்விக்கு எந்த வழியில் போக வேண்டும் என்று ஒரு பிள்ளை யோசிக்கத் தொடங்கிவிட்டால், பாதி வேலை முடிந்தது. முதல் பத்தியிலிருந்து நாலைந்து கேள்விகளைத் தேர்ந்தெடுக்கப் புளியங்கொட்டை வைத்து வாக்கெடுப்பு நடத்துங்கள். கை தூக்கச் சொன்னால் குரல் பெரிதாக உள்ளவன் பக்கம்தான் எல்லாரும் சாய்வார்கள்.

இரண்டாம் வாரம் செய்து பார்ப்பது. தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் ஊகத்தை எழுதியே ஆக வேண்டும். எழுதிவிட்ட பிள்ளைக்குத்தான் முடிவின் மேல் அக்கறை வரும். சொட்டுகிற குழாய்க்கு அடியில் 250 மி.லி. டம்ளரை வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்தில் நிரம்பினால், ஒரு மணி நேரத்துக்கு ஆறு டம்ளர், ஒன்றரை லிட்டர். ஒரு நாளைக்கு 36 லிட்டர். இந்தப் பெருக்கலை அவர்களே போட்டு, 36 லிட்டர் என்றால் வீட்டுக் குடத்தில் எத்தனை என்று பார்க்கட்டும். இரண்டு குழுவுக்கு இரண்டு விடை வரும். அப்போது சரியான விடையைச் சொல்லிவிடாதீர்கள். "ஏன் வேற வேற வந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். ஒரு குழு குழாயை இறுக்கி மூடியிருக்கும், இன்னொரு குழு கடிகாரத்தைத் தாமதமாகப் பார்த்திருக்கும். அதைப் பிள்ளைகளே கண்டுபிடித்து மறுபடி அளக்கும் அந்த இருபது நிமிடம், பாடநூலில் "அளவீடு" பற்றிப் படிக்கும் பக்கங்களைவிட ஆழமாகப் பதியும். கரிக்கிற தண்ணீர் பற்றிக் கேட்ட குழு இரண்டு கொட்டாங்கச்சியில் பச்சைப்பயறு போட்டு, ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீரும் மற்றதற்குப் பிடித்து வைத்த மழைத் தண்ணீரும் ஊற்றட்டும். மண், வெயில், தண்ணீரின் அளவு மூன்றும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதை மட்டும் நீங்கள் வலியுறுத்துங்கள்.

மூன்றாம் வாரம் சொல்வதும் செயல்படுவதும். இங்கே நம் திருச்சபையே ஒரு வழி வைத்திருக்கிறது. பெல்ஜியத்து அருட்தந்தை ஜோசப் கார்டைன் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர்களுக்குக் கற்றுக்கொடுத்த முறை அது: பார்த்தல், சீர்தூக்குதல், செயல்படுதல். திருத்தந்தை 23ஆம் யோவான் 1961இல் வெளியிட்ட சுற்றுமடல் (திருத்தந்தை திருச்சபைக்கு எழுதும் பொதுக் கடிதம்) அதைத் திருச்சபையின் சமூகப் போதனைக்குரிய வழியாக எடுத்துக்கொண்டது. உயர்நிலைப் பள்ளிகளில் இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். தொடக்கப் பள்ளிக்கும் இது பொருந்தும், செயல் பிள்ளையின் உயரத்துக்கு இருந்தால். 36 லிட்டர் கணக்கை எழுதி, வாஷர் மாற்றித் தரும்படி தாளாளர் ஃபாதருக்குப் பிள்ளைகள் கடிதம் கொடுக்கட்டும். ஃபாதரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்; கடிதத்துக்குப் பதில் வர வேண்டும், குழாயும் சரியாக வேண்டும். படைப்பைப் பேணுவது பற்றித் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் எழுதிய சுற்றுமடலை நாம் சுவரில் ஒட்டி வைக்கிறோம். அதைப் பிள்ளைகள் தொட்டு உணர்வது இப்படித்தான்.

இதைத் தயவுசெய்து கண்காட்சியாக மாற்றிவிடாதீர்கள். கண்காட்சி என்றதும் தெர்மாகோலும் சார்ட்டும் வரும், வீட்டில் அப்பா உட்கார்ந்து செய்வார், பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும். கேள்வி மறுபடி பெரியவர்களுடையதாகிவிடும்.

இப்போது உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். அதை நான் சிறிதாக நினைக்கவில்லை. பன்னிரண்டு வயது இயேசுவைப் பெற்றோர் மூன்று நாள் தேடிக் கோவிலில் கண்டபோது, அவர் போதகர்கள் நடுவே உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டும், அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டும் இருந்தார் என்கிறார் லூக்கா. கேள்வி கேட்கும் சிறுவனைப் பார்த்துக் கத்தோலிக்கப் பள்ளி பயப்படத் தேவையில்லை. பட்டாணிச் செடிகளை ஆண்டுக்கணக்கில் வளர்த்து எண்ணிய மெண்டல் அகுஸ்தீன் சபைத் துறவி. பிரபஞ்சம் விரிவடைகிறது என்று 1927இல் எழுதிய ஜார்ஜ் லெமைத்ர் ஒரு குருவானவர்.

ஆனால் நடைமுறையில் இரண்டு வகைக் கேள்விகளைக் கலக்காமல் இருக்க வேண்டும். "மழை பெய்யலைன்னா சாமிக்குக் கோபமா?" என்ற கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மழை எப்படிப் பெய்கிறது என்பது புத்தகத்திலும் சோதனையிலும் தேட வேண்டியது. "சாமி செயல்" என்று சொல்லி அதை மூடிவிடக் கூடாது. சாமிக்குக் கோபமா என்பது நாலாவது பத்திக்குப் போக வேண்டியது. நீராவி, மேகம் என்று விளக்கிவிட்டதாலேயே அது தீர்ந்துவிடுவதும் இல்லை. ஊரில் வலை காய்ந்து கிடக்கிற காலத்தில் ஒரு மீனவர் வீட்டுப் பிள்ளை இதைக் கேட்டால், அதற்குப் பின்னால் ஒரு கவலை இருக்கிறது.

அறிவியல் வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் இருப்பதால், அங்கே "உங்க வீட்ல பெரியவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டு, எல்லாருடையதையும் மரியாதையோடு கேட்டுக்கொள்வதோடு நிறுத்துங்கள். அரசு உதவி பெறும் பள்ளியில், பெற்றோர் இசைவில்லாமல் பிள்ளையைச் சமயக் கல்விக்குக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 28(3) பிரிவு சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் அதுதான் நியாயம். கத்தோலிக்கப் பிள்ளைகளின் மறைக்கல்வி (சமயப் பாட) நேரத்தில் அதே கேள்வியை மறுபடி எடுங்கள். தந்தை நேர்மையுள்ளோர் மீதும் நேர்மையற்றோர் மீதும் மழை பெய்யச் செய்கிறார் என்ற மத்தேயு 5:45ஐ வாசித்துவிட்டு, விளக்கம் சொல்லாமல், "அப்படீன்னா மழை பெய்யாதது தண்டனையா இருக்குமா?" என்று கேட்டுக் காத்திருங்கள். ரோம் நகரில் சோஃபியா கவல்லெத்தி, ஜான்னா கோபி இருவரும் 1954இல் தொடங்கிய நல்லாயன் (நல்ல மேய்ப்பர்) மறைக்கல்வி முறை இப்படித்தான் நடக்கிறது. குழந்தைக் கல்வியாளர் மரியா மாண்டிசோரியின் வழியில் வந்த அந்த முறையில், உவமையை வாசித்தபின் ஆசிரியர் பொருள் சொல்வதில்லை, "இந்த மேய்ப்பர் யாரா இருக்கும்?" என்று பிள்ளைகளோடு சேர்ந்து வியக்கிறார். உங்களுக்கே பதில் தெரியாத கேள்வி வந்தால் "எனக்குத் தெரியலை, ஃபாதர்கிட்ட சேர்ந்து கேட்போம்" என்று சொல்லுங்கள். உண்மையைச் சொன்ன ஆசிரியையிடம்தான் பிள்ளைகள் அடுத்த கேள்வியைக் கொண்டுவருவார்கள்.

பெற்றோர் கேட்கும் நோட்டு விஷயம் எளிது. அவர்கள் கேட்பது நியாயம். பிள்ளை என்ன படித்தது என்று அவர்களுக்குத் தெரிய நோட்டு ஒன்றுதான் சாட்சி. திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்தில் (உலர்த்திய செடிகளைப் பாதுகாக்கும் இடம்), இயேசு சபைக் குரு கே.எம். மேத்யூவும் அவருடன் உழைத்தவர்களும் தமிழ்நாட்டுத் தாவரங்களைச் சேகரித்து வைத்திருக்கிறார்கள். எங்கே, எப்போது, யார் எடுத்தது என்று எழுதாத செடி அறிவியலுக்குப் பயன்படாது. அந்த ஒழுக்கத்தையே நோட்டுக்குக் கொண்டுவாருங்கள்: தேதி, இடம், கூட இருந்தவர்கள், நான் நினைத்தது, செய்தது, கிடைத்தது, இன்னும் தெரியாதது. சிவப்பு மையில் எழுத்துப்பிழையை வட்டமிட வேண்டாம், அதைத் தமிழ்ப் பாடவேளையில் பார்த்துக்கொள்ளலாம். பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு வேண்டிய செயல்பாட்டுப் பதிவாகவும் இந்தப் பக்கங்கள் இருக்கும். அடுத்த வகுப்புத் தேர்வில், பிள்ளைகள் எழுப்பிய கேள்விகளில் ஒன்றை அப்படியே வினாவாகக் கேளுங்கள். கேள்வி கேட்பதும் படிப்புதான் என்று அவர்களும் பெற்றோரும் அதிலிருந்து தெரிந்துகொள்வார்கள்.

நேரம் பற்றி: வாரத்துக்கு இரண்டு பாடவேளை, அடுத்தடுத்து இருப்பது நல்லது. வெள்ளிக்கிழமை வைக்காதீர்கள், மாதத்தின் முதல் வெள்ளித் திருப்பலி அதை எடுத்துக்கொள்ளும். டிசம்பரில் கிறிஸ்துமஸ் விழா ஒத்திகை வந்துவிடும். ஆகவே முதல் சுற்றை ஜூலையிலும், இரண்டாவதை அக்டோபர் கடைசியில் மழை தொடங்கும்போதும் வையுங்கள். இரண்டு வகுப்பைச் சேர்த்து எடுக்க வேண்டியிருந்தால், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பார்த்துக் கேட்கட்டும், நான்காம் வகுப்பு அளந்து குறிக்கட்டும். முதல் சுற்றில் மூன்று பேர் மட்டும் கேட்டாலும் நிறுத்த வேண்டாம். அந்த மூன்று கேள்விகளையும் சுவரில் ஒட்டி, கேட்டவர் பெயரைப் பக்கத்தில் எழுதுங்கள். இரண்டாம் சுற்றை அங்கிருந்து தொடங்கலாம்.